லிஃப்ட் மெக்கானிக் பதிந்து வைத்த பதில்கள்

"நாளைக்குக் காலைல சித்தப்பாவோட குரல்வளையை எடுக்கிறாங்கடா." போனில் சித்தி இவ்வளவுதான் சொன்னாள். கடல் தாண்டி, அலுவலகப் படிக்கட்டில் நின்றிருந்த நான் அப்படியே படியில் உட்கார்ந்தேன். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாம் மாடியிலிருந்து கத்தியே கீழ்த்தளத்தில் வேலை வாங்கிய தொண்டை அது.

குரல் போவதற்குள் அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டில் இருப்பது நான் விட்டுவந்த பழைய கணினி; விண்டோஸ் இல்லை, எதையும் கட்டளை தட்டி நிறுவ வேண்டிய லினக்ஸ். பேசவும், பேசுவதைப் பதியவும் ஒரு மென்பொருள் உண்டு. அதை நிறுவும் கட்டளையை அனுப்பினேன். ஒற்றை விரலால் தட்டினார். திரையில் வரிகள் ஓடுவதாகச் சித்தி சொன்னாள். அப்பாடா என்றிருந்தது.

"டேய், திரை கருப்பாயிடுச்சு!" என்றாள் திடீரென்று.

"ஐயோ, என்ன செஞ்சீங்க?"

"மைக் சொருகணும்ல? மெயினை ஆஃப் பண்ணேன்," என்றார் சித்தப்பா, கரகரத்த குரலில். "கரண்ட் ஓடுற லைன்ல கை வைக்கிறவன் மெக்கானிக்கே இல்ல."

பாதி நிறுவலில்! அன்று பிற்பகல் மூன்று மணிக்கே அவர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அங்கே அப்போதே மணி ஒன்றரை. மெயினை மறுபடி போட்டதும் கருப்புத் திரையில் வெறும் எழுத்துகள்தான் வந்தன. நின்றுபோனதை முடிக்கச் சொல்லும் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

"இனிமே எதையும் தொடாதீங்க சித்தப்பா!"

"கையைக் கட்டிப் போட்டுடவா?" என்றாள் சித்தி.

இரண்டேகாலுக்கு அந்த மென்பொருள் வழியாக அவர் குரல் என் காதுக்குள் வந்தது. அதே கரகரப்பு, ஆனால் பக்கத்தில் நிற்பதுபோல. பதிவைத் தொடங்கிவிட்டு, என்ன சொல்லி அழவைப்பாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா," என்றார். சற்று நிறுத்தி, "இதோ வந்துட்டேன்." மறுபடி நிறுத்தி, "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தி பேதலித்துவிட்டதா?

"சித்தப்பா, யார்கிட்ட பேசுறீங்க?"

"உன் சித்திகிட்டதான். லிஃப்ட்ல 'கதவு மூடுகிறது'ன்னு ஒரு பொண்ணு பேசுதே, அது உள்ளேயா உட்கார்ந்திருக்கு? எல்லாம் துண்டு துண்டா பதிஞ்சு வச்சது. இனிமே இவ கேட்கக் கேட்க நான் பட்டனை அமுக்குவேன்."

மறுமுனையில் சித்தி மூக்கை உறிஞ்சும் சத்தமும் பதிவாகிக்கொண்டிருந்தது.

"அப்போ, 'தப்பு என் மேலதான்'னு ஒண்ணு சொல்லி வைங்க," என்றாள்.

தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அதை எழுதிக் காட்டுறேன்," என்றார் சித்தப்பா.