கறுப்புக்குள் இருந்த சிவப்பு

டைப்படிக்கத்தான் என்னை ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்த்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பு நின்றுபோயிருந்தது. வரிச் சட்டத்தில் பாதியை ஆடிட்டர் சொல்லச் சொல்ல டைப்படித்துத் தெரிந்துகொண்டேன். மீதியை வந்தவர்களிடம் வாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். எழுபதுகளின் கடைசியில், "முதல்ல அந்தம்மாகிட்ட உக்காந்து பேசுங்க" என்று ஆடிட்டரே ஆட்களை என் மேசைக்கு அனுப்புவார். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

வரி என்றால் ஆளுக்கு ஒரு விதமாகப் பயப்படுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதில் எனக்குத் தனி ஆசை. கொட்டாம்பட்டிக் கடலை வியாபாரி ஒருவர், இன்கம்டாக்ஸ் ஆபீஸ் படியில் கால் வைத்ததுமே சொந்தப் பேர் மறந்துபோகிறது என்பார். ஒருநாள் வந்த செல்லூர்ச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் அந்த ரகம் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டே வந்து, நோட்டீஸை என் மேசையில் வைத்தார்.

அவர் வாங்கிய சாயத்துக்கும், சாயம் போட்ட நூலுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. மிச்சச் சாயத்தில் நூல் முக்கி, கணக்கில் காட்டாமல் விற்றுவிட்டார் என்பது அதிகாரியின் சந்தேகம். இல்லை என்று காட்டாவிட்டால் வரி, அதற்கு மேல் அபராதம். பட்டறையை அடகு வைத்தால்தான் கட்ட முடியும்.

"கட்டிருவோம் தங்கச்சி," என்றார். "ஒளிச்சு வித்தேன்னே எழுதிக்கிரட்டும்."

செய்த தப்பை மறைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள வந்தவர் இவர் ஒருத்தர்தான். வெற்றிலை தீரும்வரை பேச்சுக் கொடுத்தேன். மெல்ல விஷயம் வந்தது.

செல்லூர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதில் போட்ட சிவப்பு மங்கும், துவைத்தால் ஓடும். அதனால் சிவப்புக்கு மட்டும் வண்டியில் நல்ல தண்ணீர் வாங்குவார்கள். இவரோ உப்புத் தண்ணீரிலேயே நிற்கிற ஒரு சிவப்புக்காக, பல வருடமாகத் தன் சொந்த நூலில் பக்குவத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டுப்போன நூலை, பட்டறைகளில் எல்லோரும் செய்வதுபோல, வேறு யார் கண்ணிலும் படுமுன் கறுப்பில் முக்கிவிடுவார். கறுப்பு எதையும் விழுங்கிக்கொள்ளும். நூல் கறுப்பு நூலாக விலை போய்விடும். சாயம் மட்டும் இரண்டு மடங்கு செலவாகியிருக்கும்.

இதைச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"ஒளிச்சு வித்தான்னா ஊரு நாலு நாள் பேசும், விட்ரும். சாயம் போடத் தெரியாதவன்னு பேரு வந்துச்சுன்னு வையி, எந்தத் தறிக்காரன் என்கிட்ட நூலக் கொண்டாருவான்?"

தொழிலுக்காகச் செய்யும் விஞ்ஞான ஆராய்ச்சிச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் அப்போதே இடம் இருந்தது. நீங்கள் செய்தது அதுதான் அண்ணே என்றேன். சிரித்துவிட்டார்.

"ஆராய்ச்சிங்கிறது கோட்டுப் போட்டவுக செய்யிறது. நான் கோவணத்தோட தொட்டிக்குள்ள நிக்கிறவன்."

"சட்டத்துல கோட்டப் பத்தி ஒண்ணும் இல்லண்ணே. டைப்படிச்சவ சொல்றேன்."

ஆடிட்டர் கேட்டுவிட்டு, விஷயம் நியாயம்தான், ஆனால் அத்தாட்சி வேண்டும் என்றார். கெட்டதெல்லாம் கறுப்பாகிவிட்டதே, எதைக் காட்டுவது? ஒரு மத்தியானம் நானே செல்லூருக்குப் போனேன். விற்காத கறுப்பு நூல், சுருள் சுருளான சிட்டங்களாகக் கொடியில் தொங்கியது. சிக்காமல் இருக்க ஒவ்வொரு சிட்டத்தையும் ஓரிடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் பேசிக்கொண்டே ஒரு கட்டை அவிழ்த்தார். உள்ளே, விரல் அகலத்துக்கு, மங்கல் சிவப்பு.

இது என்ன என்று கேட்டேன். மறுபடி முக்கும்போது பழைய கட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுவார்களாம். கட்டுக்குள் கறுப்பு ஏறாது. முன்பு போட்ட நிறம் அப்படியே இருக்கும். முதலிலேயே கறுப்புப் போட்ட சிட்டம் என்றால் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். எப்பவும் உள்ளதுதான், நெய்தால் தெரியாது என்றார் அவர். நாங்கள் தேடிய அத்தாட்சி அதுதான். எல்லாக் கட்டையும் அவிழ்க்க வேண்டாம், அப்படியே மூட்டை கட்டுங்கள் என்றேன்.

விசாரணையன்று ஆடிட்டரோடு நானும் போனேன். எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருந்தும் பட்டறைக்காரர் வாயே திறக்கவில்லை. ஆடிட்டர்தான் பேசினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒருமுறை சாயம் போட்ட நூலை மறுபடி ஏன் முக்க வேண்டும் என்று பட்டறைக்காரரையே பார்த்துக் கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மூட்டையைக் கண்ணால் காட்டினேன்.

குனிந்து ஒரு சிட்டத்தை எடுத்து மேசையில் வைத்துக் கட்டை அவிழ்த்தார். பிறகு இன்னொன்று. செங்கல் நிறம், வெங்காயத் தோல் நிறம், ஒன்று ஏறக்குறைய நல்ல சிவப்பு. ஒவ்வொன்றிலும் என்ன போட்டார், ஏன் ஓடியது என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இதுல எதுதான்யா சரியா வந்துச்சு?"

"ஒண்ணும் வரலைங்கய்யா. எதெது வராதுன்னு கேளுங்க, அம்புட்டும் சொல்றேன்."

அதிகாரி சிரித்தார். சாயக்கடை ரசீதுகளையும் சிட்டங்களையும் வைத்துக்கொண்டு, பிறகு பட்டறைக்கும் ஒருமுறை வந்து பார்த்தார். உத்தரவு வந்தபோது அபராதம் இல்லை. சோதனைச் செலவு முழுதும் ஆராய்ச்சிச் செலவாகவே கழிந்திருந்தது. அந்த ஒரு வரியை அவருக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். நாலாவது தடவையும் கேட்டார்.

அவர் பயந்ததுபோலவே செய்தி செல்லூர் முழுக்கப் பரவியது. தறிக்காரர்கள் வரத்தான் செய்தார்கள். அந்த உப்புத் தண்ணிச் சிவப்பு எப்போது கிடைக்கும் என்று கேட்க. அடுத்த மாதம் என் மேசை முன்னால் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்கள் நின்றார்கள். கூடவே, பம்புசெட்டுக்கு இரும்பில் உதிரிப் பாகம் வார்க்கும் ஒருவர். யார் முதலில் பேசுவது என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"அக்கா," என்றார் வார்ப்புக்காரர், "நாங்களும் நெறயக் கெடுத்துருக்கோம்."

உட்காரச் சொன்னேன். எது எது கெட்டது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்று டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினேன்.