‘தொல்லை’ என்றொரு கட்டளை

பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். புதுக்கோட்டையில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சின்ன ஆபீஸ் ஒன்றில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் கட்டளைகளைக் கற்றுக்கொண்டேன். நீளமானவற்றை ஒரு ஃபைலில் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பெயர் வைத்துவிடுவேன். பெயரை அடித்து என்டர் தட்டினால் மொத்தமும் ஓடும். பெயரெல்லாம் வாடிக்கையாளர்களைக் கிண்டலடிப்பவை.

குடுமியான்மலைப் பக்கம் ஒரு பெரியவர். வீட்டில் மனைவி, மருமகள்; மகன் குவைத்தில். சாயங்காலம் அவன் வீடியோவில் வரும் நேரம் பார்த்து லைன் நின்றுவிடும். உடனே எனக்குப் போன் போடுவார்.

“தம்பி, மகன் பேசுற நேரம்யா. தட்டி எழுப்பி விடு.”

“தாலாட்டு கீலாட்டுப் பாடுனீங்களா? நல்லாத் தூங்குது.”

“ஒன் நக்கலக் கேட்டுத்தேன் நின்னுருக்கும்” என்று சிரிப்பார்.

அவருக்கு நான் வைத்த பெயர் ‘தொல்லை’. அதை அடித்தால் அவர் வீட்டு இன்டர்நெட் பெட்டி முழுதாக அணைந்து மறுபடி எழும். மூன்று நிமிடம் பிடிக்கும். ஏன் தினமும் நிற்கிறது என்று ஒருநாளும் நான் பார்க்கவில்லை.

போன சித்திரையில் அவர் இறந்துபோனார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குப் போன் செய்தான்.

“அண்ணே, அப்பா மொகத்தக் கடைசியாப் பாத்துரணும்ணே. தூக்குற வரைக்கும் லைன் நிக்காமப் பாத்துக்கங்க.”

“நானே நேர்ல வாரேன்” என்றேன்.

அந்த வீட்டில் செல்போன் டவர் பேச்சுக்குத்தான் எட்டும், வீடியோவுக்கு எட்டாது. பெட்டிதான் வழி. பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். குளிப்பாட்டும்வரை நன்றாக இருந்தது. பாடையில் வைத்து, “மொகம் பாக்குறவுக பாத்துக்கங்க” என்று குரல் கேட்டபோது, மகனின் மனைவி பிடித்திருந்த போனில் படம் உறைந்தது.

பெட்டியை அணைக்காமல் இணைப்பை மட்டும் துண்டித்து மறுபடி பிடிக்க ஒரு கட்டளை உண்டு. பத்து நொடி வேலை. என் விரலுக்குப் பழகியது அது இல்லை. என்டர் தட்டிய பிறகுதான் என்ன அடித்தேன் என்று பார்த்தேன். பெட்டியில் எல்லா விளக்கும் அணைந்தன.

வாசலுக்கு ஓடினேன். “அய்யா, மூணே நிமிசம் பொறுங்க. புள்ள இன்னும் பாக்கல.”

பங்காளி ஒருவர் திரும்பினார். “இவன் எப்பயும் இப்படித்தேன், எதையாச்சும் ஒளறிக்கிட்டு. எமகண்டம் வருது, தூக்குங்கப்பா.”

“நெசமாத்தேன்யா...” சங்குச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

விளக்கு பச்சையானபோது தெருவில் பூ மட்டும் கிடந்தது.

“அப்பா எங்க?” என்றான் போனில். அவன் மனைவி போனைத் தெருப்பக்கம் திருப்பிக் காட்டினாள்.

மறுநாள் அந்தப் பெட்டியின் செட்டிங்கைத் திறந்தேன். இணைப்பு அறுந்தால் தானாகவே மறுபடி எடுக்கச் சொல்லும் வரி அதில் இல்லை. ஒரே வரி. எழுதிச் சேமித்தேன்.

இப்போது லைன் நிற்பதே இல்லை. மகன் அவ்வப்போது வாய்ஸ் அனுப்புகிறான். “ஆத்தா மொகம் கண்ணாடி மாதிரித் தெரியுதுண்ணே. ஒங்களுக்குத்தேன் நன்றி சொல்லணும்.”

கும்பிடு பொம்மை ஒன்றை அனுப்பி வைக்கிறேன். இதுவரை பதிலுக்கு வாய்ஸ் அனுப்பியதில்லை.