வேலுத்தாய் காத்த கேட்

தீப்பெட்டிக் கம்பெனியை விட்டு வந்த வேலுத்தாய்தான் சிவகாசிப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி விடுதிக்கு வாட்ச்மேன். ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகள் அவளிடம் "போயிட்டு வாரேன்க்கா" என்பார்கள். "போயிட்டு வா தாயி" என்பாள்.

படிப்பு முடித்துப் போகிறவர்கள் மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அரியர் விழுந்து திரும்பி வர நேரும் என்பது முதல் செட்டிலிருந்தே வந்த நம்பிக்கை. அவர்கள் சங்கடப்படக் கூடாதென்று அன்றைக்கு அவளே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்று வருஷம் அவள் தூக்குச்சட்டியில் பங்கு கேட்ட பாண்டிச்செல்வியும் அப்படித்தான் போனாள். "போங்கடி, பெரிய படிப்பு!" என்று வேலுத்தாய் சுவரைப் பார்த்து வைதாள்.

2008 மே மாதம் வேலுத்தாய்க்கு ஓய்வு. விடுமுறை என்பதால் விடுதியில் ஈ காக்கை இல்லை. கேட்டைப் பூட்டிவிட்டு நாலடி நடந்தவள் திரும்பி நின்று, "போயிட்டு வாரேன்" என்றாள்.

பதில் சொல்ல வேண்டியவளே கேட்டுக்கு வெளியில் நின்றுகொண்டிருந்தாள்.