பஸ் ஒத்துக்கொள்ளாத அக்கா

என் அக்காவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. ராஜபாளையத்தில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கி, அதற்கான காரணத்தையும் ஊருக்குக் காட்டிவிடுவாள். எண்பதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம், மஞ்சள்காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தாள். அஸ்தி கரைக்க நாங்கள் நடந்தே போனதற்கு அந்த பஸ்தான் காரணம்.

"பாபநாசம் போயிருவோம் அத்தான். அங்க ஆத்துல எப்பவும் தண்ணி ஓடும்" என்றேன்.

அத்தான் பஞ்சு மில்லில் ஃபிட்டர். என்னை விநோதமாகப் பார்த்தார். "அவளுக்கு பஸ்ஸே ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்லா மாப்ள?"

நான் நிறையப் படித்தவன். படித்த எதிலும் இதற்கு மறுப்பு இல்லை.

அஸ்திக் கலயத்தை என் முதுகுப்பையில் வைத்தோம். பாலைவனங்களையும் மலைப்பிளவுகளையும் நடந்தே கடந்தவர்களைப் பற்றிப் படித்த வேகத்தில், லாரித் தார்ப்பாயில் நான் தைத்து வாங்கிய பை அது. அதுவரை நூலகத்தைத் தாண்டிப் போனதில்லை. அத்தான் அதை மாட்டிக்கொண்டார். மலைக்குக் கூட்டிப் போகச் சொல்லி அக்கா கேட்காத வருஷமில்லை. "அடுத்த லீவுல" என்று அவர் சொல்லாத வருஷமும் இல்லை.

செண்பகத்தோப்பு ஓடை வற்றவே வற்றாது என்று நான் அடித்துச் சொன்னதால் மலையடிவாரமாகவே அங்கே நடந்தோம். ஓடையில் வெள்ளைப் பாறைகளும் ஆட்டுப் புழுக்கையும் இருந்தன.

"ஒம் புஸ்தகத்துல தண்ணி இருந்தா இதுல கொஞ்சம் ஊத்து மாப்ள" என்றார் அத்தான்.

வந்த வழியே திரும்பினோம். ராஜபாளையத்துக்கு வரும் ஆற்றின் வழியாகவே மலைக்குள் ஏறிப் பார்ப்பதென்று முடிவு. வழியில் ஒரு மாந்தோப்பில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அஸ்தியைத் தரையில் வைக்கக் கூடாது; பை கிளையில் தொங்கியது. அத்தான் ஒரு வாய் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "ஏட்டி, உப்பே இல்ல."

சமைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்கள். அவருக்கும் அது தெரியும். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆற்றுக்குள் இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வந்தது. கொதிக்கும் கல்லில் தாவித் தாவி என் செருப்பு அறுந்தது. நான் படித்த வீரர்கள் யாருக்கும் செருப்பு அறுந்ததாக நினைவில்லை. ஆங்காங்கே குட்டைகள் பச்சையாகத் தேங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அத்தான் ஒரு சருகைப் போட்டுக் காத்திருப்பார். சருகு அசையாது.

"இதுலயே கரைச்சிருவோம் அத்தான். என்னால முடியல."

"தேங்குன தண்ணியில விட்டா அவ இங்கேயேல்ல கெடப்பா? தனியாவா?"

நான் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். உச்சி வெயில் சாய்ந்தபின், ஒரு பாறை இடுக்கில் விரல் பருமனுக்குத் தண்ணீர் கசிவதைக் கண்டோம். அத்தான் சருகைப் போட்டார். அது நகர்ந்தது. ஒரு முழம் போய், தண்ணீரோடு மணலில் நின்றுவிட்டது.

"ஓடுதுல்ல?" என்றார். கேள்வியா, கெஞ்சலா என்று தெரியவில்லை.

"ஓடுது அத்தான்."

கலயத்தைக் கவிழ்த்தார். சாம்பலும் ஒரு முழம் போய் நின்றது. ஈர மணலில் சாம்பல் நிறமாய் ஒரு திட்டு. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர், "மழை வரட்டும். அவளா வந்துருவா" என்று எழுந்தார்.

மழை ஐப்பசியில் வந்தது. ஆற்றில் வெள்ளம் என்றதும் மில்லிலிருந்து பாதி ஷிஃப்டில் அவர் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். குடையோடு தேடிப்போனேன். ஊருக்கு வெளியே கரையில், தொப்பலாக நனைந்து நின்றிருந்தார். செங்காவி நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது. ஷிஃப்ட் முடிந்து அவர் தாமதமாக வரும்போதெல்லாம் அக்கா வாசலில் நின்று கேட்கும் கேள்வியை, அவர் தண்ணீரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரம்ட்டி காத்துக் கெடக்குறது?"

நான் குடையை நீட்டினேன். வாங்கவில்லை. ரோட்டில் டவுன் பஸ் வரும் சத்தம் கேட்டது.

"வாங்க அத்தான், பஸ் வருது. காய்ச்சல் வந்துரும்."

"நீ பஸ்ல போ மாப்ள" என்றார், தண்ணீர் போகும் திசையில் கரையோரமாக நடக்கத் தொடங்கியபடி. "நாங்க நடந்து வாரோம்."