நான் விழுந்தால்: பதினொரு வாக்கியங்கள்

மகனும் மருமகளும் ஒரு கலியாணத்துக்காக ஐந்து நாள் கனடா போவதாக முடிவானபோது, மோர்டன் வீட்டில் மிஞ்சப்போவது நானும் மருமகளின் தாயாரும்தான் என்பது எனக்கு உடனே உறைத்தது. அவர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து எட்டு மாதம். பேசுவது தகாலோக்; ஆங்கிலத்தில் தெரிந்த சொற்கள் பதினாறு. நானோ போன மாரியில் எங்கள் பதின்மூன்று படிகளில் இரண்டு தடவை விழுந்தவன். மூன்றாவது தடவை விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்லிவைப்பது?

கொப்பியும் பேனையுமாக மருமகளிடம் போய் உட்கார்ந்தேன். தகாலோக்கில், ஒரு காரியம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் 'குங்' போட வேண்டும் என்றாள். கட்டாயம் நடக்கும், நடக்கும்போதெல்லாம் என்றால் 'கபாக்'. நமக்குத் தமிழில் இரண்டுக்கும் 'விழுந்தால்' ஒன்றே போதும். என் விழுகைக்கு எது பொருந்தும் என்று கேட்டேன்.

"குங் போடுங்கோ மாமா," என்றாள். மகனிடம் பழகிய தமிழ். இரண்டு தடவை விழுந்தவனுக்கு அது கொஞ்சம் தாராளமாகவே பட்டது.

"அப்பா, விழுறதுக்கெண்டு ஒரு பாஷையே படிக்கிறியள்," என்றான் மகன்.

"நீ இஞ்சை நிண்டால் நான் ஏன் படிக்கப்போறன்?"

பதினொரு வாக்கியங்கள் சேர்ந்தன.

அவர்கள் புறப்பட்டுப் போன காலையில், சம்பந்தியைச் சமையலறை மேசையில் இருத்தி வாசிக்கத் தொடங்கினேன். குங் மாதும்பா அக்கோ: நான் விழுந்தால். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மேசைப் பலகையை மூன்று முறை தட்டினார். வாயால் சொன்ன கெட்டது வந்துவிடாமலிருக்க அவர்கள் அப்படித் தட்டுவார்கள். நான் நிறுத்தவில்லை. மயங்கினால், பேச்சு வராவிட்டால், கதவு உள்ளே பூட்டியிருந்தால். ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு. ஏழாவதில் கொப்பியின் மேல் கையை வைத்தார்.

"பானோ குங் அக்கோ, பலாயே?"

அதுவே நானாக இருந்தால்? பலாயே என்றால் சம்பந்தி. ஆங்கிலத்தில் இல்லாத சொல் அவர்களிடம் இருக்கிறது.

எழுந்துபோய் ஒரு மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். காலைக்கு நான்கு குளிசை, இரவுக்கு மூன்று. எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அவை என் கணக்கில் வரவில்லை. என் பதினொன்றில் ஒன்றுகூட அவர் விழுவதைப் பற்றியதல்ல.

மருமகளைக் கேட்கலாமென்றால் அவள் ஆகாயத்தில் இருந்தாள். வாக்கியத்தை நானே திருப்பிப் போட்டேன். குங் மாதும்பா கயோ, தாதாவாக் அக்கோ: நீங்கள் விழுந்தால் நான் கூப்பிடுவேன்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மேசையைப் பிடித்து மெல்லத் தரையில் இறங்கி, காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தொலைபேசி முன்கதவடியில் இருந்தது. இந்த முழங்காலோடு போய்வர முப்பத்தெட்டு அடி. எடுத்துக்கொண்டு வந்தபோது அவருடைய ஒரு கண் திறந்திருந்தது.

"மபாகால்," என்றார். கொப்பியில் இல்லாத சொல், ஆனால் விளங்கியது. நான் மெதுவாம்.

தொலைபேசியைச் சமையலறை மேசைக்கு மாற்றினோம். பிறகு அவர் எழுந்து நின்று தரையைக் காட்டினார். என்னுடைய முறை.