மூன்று விநாடிக் குரல்

என் தம்பி செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிறான். ஒரு ஷிப்டுக்கு நானூறு ஜோடி. பசை விட்டதென்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பேச்சு மட்டும் சிறு வயதிலிருந்தே திக்கும்.

செல்போனில் ஐந்து பேர் அணி சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. அங்கே வாய் வேண்டாம். சரி என்றால் சல்யூட், ஜெயித்தால் குட்டி ஆட்டம், தோற்றால் அழுகிற முகம். பொத்தானைத் தொட்டால் போதும். அடிபட்டு விழுந்தவர்களைத் தூக்கிவிடுவது தம்பியின் வேலை. ஒருவரையும் விட்டு ஓடியதில்லை. 'டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். முகம் தெரியாத அந்த நால்வரைத் தவிர அவனுக்குச் சிநேகிதர்கள் கிடையாது.

தலைவனாக இருந்தவனுக்கு அலுத்துப்போகவே, டாக்டரைத் தலைவனாக்கலாம் என்றார்கள். தலைவன் மைக்கில் பேசியாக வேண்டும். தம்பி வேண்டாமென்றான். நான்தான் விடவில்லை.

"எவனுக்குடா நீ குறைஞ்சவன்? ஒரு வரி பேசு, போதும்."

"எல்லாரும் என் பின்னாடி வாங்க" என்று என் எதிரே உட்கார்ந்து நாற்பது முறை சொன்னான். எண்ணினேன். கடைசிப் பத்து முறை தடங்கலே இல்லை.

ஞாயிறு மதியம் மைக் பொத்தானை நானே அழுத்திக் கொடுத்தேன்.

"எ... எ... எ..."

"டாக்டரே, நெட்டு சுத்துதா, நாக்கு சுத்துதா?" என்றான், 'புல்டோசர்' என்று பெயர் வைத்திருந்தவன். மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த ஆட்டத்தில் தம்பி அடிபட்டு விழுந்தான். தூக்கிவிட ஐந்து விநாடி போதும். நால்வரும் அவனைச் சுற்றி நின்று, அவன் உயிர் தீரும்வரை, குட்டி ஆட்டம் போட்டார்கள். பிறகு அணியிலிருந்து நீக்கினார்கள். அவனுடைய அந்த மூன்று விநாடிக் குரலை வெட்டியெடுத்து, யார் விழுந்தாலும் ஒலிக்கவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வேறு பெயரில், புது ஆளாக, அதே அணியில் இடம் கேட்டான். சேர்த்துக்கொண்டார்கள்.

நேற்று துணி மடித்துக்கொண்டே பக்கத்திலிருந்து பார்த்தேன். புல்டோசர் விழுந்தான். "எ... எ... எ..." என்று ஒலித்தது. மூவரும் சிரிப்பு முகம் போட்டார்கள். தம்பியும் போட்டான்.

"அது உன் குரல்டா."

"தெ... தெரியும்க்கா. கொஞ்சம் சும்மா இரு, அவன் வி... விழுந்து கிடக்கான்" என்று சொல்லிவிட்டு, புல்டோசரைத் தூக்கிவிட ஓடினான்.