கப்பல் கதவில் ஒரு நீலக் கை

கமலநாதன் எனக்கு முதன்முதலில் அனுப்பியது நாற்பத்திரண்டு துருப் படங்கள். வணக்கம் இல்லை, தான் யார் என்று ஒரு வரி இல்லை. தகரத் துரு, ஆணித் துரு, லாரியின் அடிவயிற்றுத் துரு, மழையில் நனைந்த துரு, வெயிலில் பொரிந்த துரு என்று வரிசையாக வந்து என் கைப்பேசியை அடைத்தன. கடைசியில் ஒரே ஒரு செய்தி.

"இதுல எது வேணும்?"

அது 2013. நான் கேட்டிருந்தது ஒரு படம்தான். பழைய விண்கப்பல் ஒன்றுக்குப் பூச நல்ல துரு வேண்டும், யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று எங்கள் ரசிகர் பக்கத்தில் எழுதியிருந்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "ஒண்ணு போதும், எதுக்கு இவ்ளோ?" என்று சிடுசிடுத்தேன். "துருவுல ரகம் இருக்குலா" என்று பதில் வந்தது. சிங்கப்பூருக்கு வடக்கே, லாபிஸ் பட்டணத்தில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் ஒருவர் எங்கள் குழுவில் சேர்ந்தது இப்படித்தான்.

என்ன குழு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சின்ன வயதில் சனிக்கிழமைக் காலைகளில் தொலைக்காட்சியில் 'ஏழாம் கப்பல்' என்றொரு கார்ட்டூன் தமிழில் வந்தது. கேப்டன் நீரா என்பவள் விண்வெளியில் வழிதவறி, வீடு திரும்ப முயன்றுகொண்டே இருப்பாள். இருபத்தாறாவது வாரம் அவள் ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. இருபத்தேழாவது வாரம் அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். அவ்வளவுதான். நீரா வீடு போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், எனக்கு முப்பது தாண்டிய பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று கிளம்பினோம். கூலாயில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த எவ்லின் நீராவுக்குக் குரல் கொடுத்தாள். சாஆ என்ற ஊரைச் சேர்ந்த ரூபேந்திரன் தினமும் சிங்கப்பூர் போய்வரும் களைப்போடு உருவங்களைச் செய்தான். செனாய் தொழிற்சாலையில் உற்பத்தி அட்டவணை போடும் நான், வாசுகி, எல்லோரையும் விரட்டினேன். சம்பளம் கிடையாது, விற்பனை கிடையாது. படத்தின் முடிவில் பெயர் வரும், அதுதான் எங்களுக்குக் கூலி.

கணினியில் செய்த உருவம் முதலில் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். அதன்மேல் தோல் போர்த்தினால்தான் இரும்பு இரும்பாகத் தெரியும், மண் மண்ணாகத் தெரியும். அந்தத் தோல் வேலை கமலநாதனுடையது. பட்டறையில் இடித்த காருக்கு, பழைய சாயத்தோடு வித்தியாசம் தெரியாமல் புதுச் சாயம் கலக்கிற கண் அவருக்கு. அந்தக் கண்ணோடு மோட்டார் சைக்கிளில் லாபிஸ் முழுக்கச் சுற்றிப் படம் எடுத்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையின் முள் எங்கள் கதையில் பூதத்தின் முதுகானது. ரயில்வே சரக்குக் கொட்டகையின் தகரம் கப்பலின் வெளிச்சுவரானது. பட்டறைத் தரையில் பதினைந்து வருடமாகச் சொட்டிய சாயம் இயந்திர அறையின் தரையானது. ஆகாயத்துக்கு அப்பால் நடக்கும் கதை முழுவதும் லாபிஸின் தோலைப் போர்த்திக்கொண்டிருந்தது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூலாயில் எவ்லின் வீட்டில் கூடுவோம். கமலநாதன் லாபிஸிலிருந்து பொட்டலம் நிறைய பீசாங் கோரேங், பொரித்த வாழைப்பழம், வாங்கி வருவார். கூலாய் வந்து சேர்வதற்குள் அது நமத்துப் போயிருக்கும், ஆனாலும் அடித்துக்கொண்டு தின்போம். நாங்கள் மூன்று பேரும் கத்திக்கொண்டிருக்க, அவர் ஒரு மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "இந்த எடம் கொஞ்சம் அழுக்காகணும்" என்று தனக்குள் பேசிக்கொள்வார். இப்போது நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிற ஞாயிறுகள் அவை. தொழிற்சாலையில் பதவி உயர்வு கிடைத்த நாள்கூட எனக்கு அவ்வளவு நன்றாக நினைவில்லை.

சண்டை கதவில் வந்தது. கடைசிக் காட்சியில் நீரா தன் வீட்டுக் கதவின் முன்னால் வந்து நிற்பாள். அந்தக் கதவுக்கு ஒரு தோல் கேட்டேன். கமலநாதன் அனுப்பியது தகரம் அடித்த பழைய கதவு. பாதி நீலச் சாயம், பாதி துரு. பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் கீழே துருவின்மேல் சின்னதாக ஒரு நீலக் கை பதிந்திருந்தது. யாரோ குழந்தை ஈரச் சாயத்தைத் தொட்டு அப்பியிருக்கிறது.

"அந்தக் கைய அழிச்சிடுங்கண்ணே. நீராவுக்குப் புள்ளையே இல்ல, கை எங்கேர்ந்து வரும்?"

"சரி வாசுகி."

மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "சரி வாசுகி". கடைசியாக வந்த கோப்புக்கு 'கதவு சுத்தம்' என்று பெயர் வைத்திருந்தார். பெயரை நம்பித் திறந்து பார்க்காமல் சேர்த்துவிட்டேன். ஒரு நொடிப் படத்துக்கு இருபத்துநான்கு ஓவியங்களைக் கணினி வரைந்து தள்ள வேண்டும். நான்கு வீட்டுக் கணினிகளும் மூன்று வாரம் ஓடி முடித்தபோது, கதவில் கை அப்படியே இருந்தது. வெளியிடுகிறோம் என்று அறிவித்த தேதிக்கு இரண்டு நாள்தான் மிச்சம். எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்துக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் தலையைக் குனிந்து, "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்லா" என்றார். அடுத்த முறை என்று ஒன்று வரவே இல்லை.

2014 டிசம்பரில் படம் வெளியானது. பத்தொன்பது நிமிடம். உலகத்தில் எங்கெங்கோ இருந்த 'ஏழாம் கப்பல்' பிள்ளைகள் வந்து பார்த்து அழுதார்கள். அவர்கள் அதிகம் பேசியது அந்தக் கையைப் பற்றித்தான். அது யார் கை? நீராவுக்காக யாரோ காத்திருந்தார்களா? நீராவே சின்ன வயதில் வைத்த கையா? ரசிகர் பக்கம் ஒன்றில் என்னைப் பேட்டி கண்டபோது இதைக் கேட்டார்கள். "அது நாங்க ரொம்ப யோசிச்சு வச்சது" என்று கூசாமல் சொன்னேன்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். ரூபேந்திரனுக்குக் கல்யாணம் ஆனது, எவ்லின் மலாக்காவுக்கு மாறினாள், படத்தின் மூலக் கோப்புகள் இருந்த வன்தட்டு கெட்டுப்போனது. தீபாவளிக்கு மட்டும் வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் நண்பர்களாக ஆகிவிட்டோம்.

போன மாதம் கமலநாதனின் மனைவி மலர் கூப்பிட்டாள்.

"அக்கா, தேனு அவங்க அப்பாகூட பேச மாட்டேங்கிறா. நாலு நாளாச்சு."

தேன்மொழி அவர்களுடைய ஒரே மகள், ஆறாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் யாராவது செய்த ஒன்றைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்களாம். தானோ மலரோ இன்னும் முழுதாகப் பார்க்காவிட்டாலும், இவள் பெருமையாக எங்கள் படத்தைச் சொல்லியிருக்கிறாள். நேரம் இல்லாததால் டீச்சர் படத்தைத் தள்ளிவிட்டு, முடிவில் ஓடும் பெயர்களை மட்டும் காட்டியிருக்கிறார். அப்பாவின் பெயர் இல்லை. "உங்கப்பா காருக்குத்தான பெயிண்ட் அடிக்கிறாரு" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து கேட்டவளிடம் கமலநாதன் "விட்டுப் போச்சும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "பொய் சொல்லாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவள்தான்.

"பேரு இல்லாம எப்படி மலர்? இருக்கும், நல்லாப் பாக்கச் சொல்லு" என்றேன். பிறகு நானே பார்த்தேன். பதினோரு ஆண்டில் முதன்முறையாக முடிவுப் பெயர்களை முழுவதும் பார்த்தேன். என் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. ரூபேந்திரன் வளர்த்த பூனைக்கு நன்றி சொல்லியிருந்தோம். கமலநாதன் இல்லை.

பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான். சுலபமான வேலை என்று பெயர்ப் பட்டியலை முதலிலேயே செய்து முடித்திருந்தோம், கமலநாதன் துருவோடு வருவதற்கு முன்பே. படம் வெளியான அன்று அவரவர் தம் பெயர் வருகிறதா என்று மட்டும் பார்த்தோம். வந்தது, கை தட்டினோம். வராத பெயரை யாரும் தேடவில்லை.

உடனே படத்தின் கீழே இருந்த குறிப்பில் அவர் பெயரைச் சேர்த்தேன். மறுநாள் மலர் சொன்னாள்: "இப்பதான போட்டிருக்காங்க, அப்பா கேட்டுப் போட வச்சிருக்காருங்கிறா." அந்தச் சனிக்கிழமையே காரை எடுத்தேன். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சாஆ தாண்டி, லாபிஸ் போய்ச் சேர்ந்தேன்.

கமலநாதன் தலை நரைத்திருந்தார். விரல் நகங்களில் வெள்ளைச் சாயம்.

"எதுக்கு வாசுகி இவ்ளோ தூரம்? சின்னப் புள்ள கோவம், சரியாயிரும்லா."

"உங்களுக்குக் கோவமே வரலையாண்ணே?"

தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "படம் வந்த அன்னிக்கு அந்த முடிவ மூணு வாட்டி ஓட்டிப் பாத்தேன். வேகமாப் போகுதோ, நாமதான் கவனிக்கலையோன்னு. அப்புறம், யாராச்சும் கேப்பீங்கன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருடம் ஒரு மனிதர் கேட்காமலே இருந்திருக்கிறார், நாங்களும் கேட்கவே இல்லை.

மலர் கூப்பிட்டதும் தேன்மொழி அறையிலிருந்து வந்து சுவரோரம் நின்றாள். அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை.

"ஆண்ட்டி, அப்பா சொல்லித்தான பேர போட்டீங்க?"

"இல்லம்மா. அவரு கேக்கவே இல்ல. தப்பு எங்களோடது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க."

காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. கோப்புகள் போய்விட்டன. என் வார்த்தையை அவள் ஏன் நம்ப வேண்டும்? அவள் தலைக்கு மேலே பார்த்தேன். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலர் நிற்கிறாள். பின்னால் ஒரு கதவு, பாதி நீலம், பாதி துரு.

"இது எந்த வீடு?" என்றேன்.

"பழைய தோட்டத்து வீடு அக்கா" என்றாள் மலர். "இவரு பின்கதவுக்குப் பெயிண்ட் அடிக்கையில இவ ஓடி வந்து கைய வச்சுட்டா. அதுக்கப்புறம் அந்தக் கதவ முடிக்கவே இல்ல மனுசன். பாதியோட விட்டுட்டாரு. வீட்ட இடிச்சப்ப கதவும் போச்சு."

மடிக்கணினியைத் திறந்து படத்தின் கடைசிக் காட்சிக்குப் போனேன். நீரா கதவின் முன்னால் வந்து நின்றாள். நிறுத்தினேன்.

தேன்மொழி அருகே வந்தாள். சிறிது நேரம் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த படத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வந்து கணினியின் பக்கத்தில் வைத்தாள். அதே துரு, அதே இடத்தில் வழிந்த நீலம். சுண்டுவிரல் மட்டும் இழுபட்டு நீண்டிருந்த அதே கை.

"அலமாக்! நம்ம கதவு!" என்றாள் மலர்.

"என் கை" என்றாள் தேன்மொழி. அத்தனை நாளுக்குப் பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்ப்பா சொல்லல?"

"நீயாப் பாத்துக் கண்டுபிடிப்பேன்னு இருந்தேன். உங்க டீச்சர் நேரா பேரு வர எடத்துக்குத் தள்ளிட்டாங்க."

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் சாய நகங்கள் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புறங்கையால் அவள் முதுகைத் தடவினார்.

"மூணு வாட்டி அழிக்கச் சொன்னேனேண்ணே" என்றேன்.

"ஒவ்வொரு வாட்டியும் தெறப்பேன். இவ பக்கத்துல தூங்கிட்டு இருப்பா. எப்படி வாசுகி அழிக்கிறது?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியதைச் சொன்னேன். பேட்டியில் நாங்கள் யோசித்து வைத்த கை என்று அளந்ததையும் சொன்னேன். "பொய் சொன்னது உங்கப்பா இல்லம்மா, நான்."

அவள் படத்தின் கீழே இருந்த ரசிகர் கேள்விகளைப் படித்தாள். 'அந்தக் கை யாருடையது?' என்று ஒருவர் கேட்டுப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. இருநூறுக்கு மேல் பதில்கள், எல்லாம் ஊகம். என் கணக்கிலேயே பதில் எழுதலாமா என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'அது என்னுடைய கை. அப்போது எனக்கு ஒரு வயது. அது எங்கள் வீட்டுக் கதவு. கப்பல் முழுவதற்கும் சாயம் அடித்தவர் என் அப்பா கமலநாதன். கையை அழிக்கச் சொன்னார்கள். அவர் அழிக்கவில்லை.'

அனுப்பும் முன் என்னைப் பார்த்தாள்.

"யாரு அழிக்கச் சொன்னாங்கன்னு எழுதட்டுமா ஆண்ட்டி?"

"வேணாம்மா, விடு" என்றார் கமலநாதன்.

"எழுதும்மா" என்றேன்.

என் பெயரை எழுதினாள். அந்தப் படத்தில் அது ஐந்தாவது இடம்.